இலையுதிர்காலப் பெர்ச்: ஓடையா ஆறா, ஜிக்கா மண்புழுவா?

இலையுதிர்காலத்தில் பெர்ச் மீன் பிடிக்கக் கிளம்புபவர் லூர் (செயற்கை இரை) பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது நல்லது. ஓடைக்குப் போவதா ஆற்றுக்குப் போவதா, சுழலும் தகடுள்ள ஸ்பின்னர் வீசுவதா ஈயத் தலை கொண்ட ஜிக் ஆட்டுவதா, ஈயத்துக்கு மேலே இரையை நிறுத்தும் ட்ராப் ஷாட் கட்டுவதா தக்கை போட்டு மண்புழு விடுவதா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இரண்டு விஷயங்களில் அடங்கிவிடும்: தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு கலங்கியிருக்கிறது. போன வாரம் மீன் கொடுத்த முறையை இந்த வாரமும் அப்படியே நம்பிப் போகிறவர்கள்தான் இந்தப் பருவத்தில் அதிகம் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இங்கே பேசுவது உடலில் கறுப்புப் பட்டைகளும் அடிப்பக்கத்தில் செந்நிறத் துடுப்புகளும் கொண்ட ஐரோப்பியப் பெர்ச்சைப் பற்றி. வட அமெரிக்காவின் மஞ்சள் பெர்ச் இதற்கு நெருங்கிய உறவு. இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

குளிர் ஏற ஏற மீன் எங்கே போகிறது

கோடையில் பெர்ச் ஓடை முழுக்கச் சிதறிக் கிடக்கும். நீர்ச்செடிகளின் ஓரம், கரையோர நிழல், வேர்ச்சந்து என்று எங்கும் இரண்டு மூன்று மீன்கள் இருக்கும். இலையுதிர்காலத்தில் செடிகள் மடிந்து படுத்துவிடுகின்றன. அவற்றுக்குள் ஒளிந்திருந்த அந்த ஆண்டுக் குஞ்சு மீன்களுக்கு மறைவிடம் போய்விடுகிறது; அவை கூட்டமாகத் திரண்டு ஓட்டம் குறைந்த இடங்களுக்கு ஒதுங்குகின்றன. பெர்ச்சும் பின்னாலேயே போகிறது. அடுத்த வசந்தத்துக்கான சினை பெண் மீனுக்குள் இப்போதே வளரத் தொடங்குவதால் அதற்குத் தீனியும் நிறைய வேண்டும்.

ஓடும் நீரில் மேலிருந்து அடிவரை வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். ஏரியில் இருப்பதுபோல வெப்ப அடுக்குகள் இங்கே உருவாவதில்லை. ஆகவே பெர்ச் மடுவுக்குப் போவது சூட்டைத் தேடி என்று நினைத்தால் இடத்தேர்வு தவறிவிடும். அது தேடுவது இழுப்பு இல்லாத நீரை. குளிர்ந்த நீரில் உடல் மந்தமாகிவிடுகிறது. நாள் முழுக்க ஓட்டத்தை எதிர்த்து நிற்பது அதற்குக் கட்டுபடியாகாது. ஆழம் இருந்தும் ஓட்டம் பாய்கிற இடத்தைவிட, ஆழம் சற்றுக் குறைந்தாலும் நீர் அசையாமல் சுழன்று நிற்கிற இடமே மேல்.

தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் 12 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை மீன் இன்னும் பரவலாக இருக்கும், இரையைத் துரத்தவும் செய்யும். 12-இலிருந்து 8-க்கு இறங்கும் காலம்தான் பருவத்தின் உச்சம்: மீன் கூட்டமாகச் சேர்ந்துவிட்டது, பசியும் குறையவில்லை. 8-க்குக் கீழே மடுவும் சுழியும் மட்டுமே கைகொடுக்கும். 5-க்குக் கீழே கூட்டம் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கும். நடுப்பகலை ஒட்டிய சிறிது நேரம் மட்டும் இரை எடுக்கும். பெர்ச் கண்ணால் வேட்டையாடும் மீன், இருட்டியதும் ஓய்ந்துவிடும். பருவத்தின் தொடக்கத்தில் விடியலும் அந்தியும் நல்ல நேரம். உறைபனி விழத் தொடங்கிய பிறகு விடியலில் போய் விறைத்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. முற்பகலில் தொடங்கி, வெளிச்சம் மங்கும்வரை பிடிப்பதே சரி.

ஓடையா, ஆறா

ஐந்து முதல் பத்து மீட்டர் அகலமுள்ள ஓடையின் பெரிய வசதி, மீன் எங்கே இருக்கும் என்பது கண்ணுக்கே தெரிவது. வளைவின் வெளிப்புறத்தில் அரித்த கரை, சாய்ந்த மரத்தின் வேர்க்கட்டு, பாலத் தூணுக்குப் பின்னால், தடுப்பணைக்குக் கீழே ஒதுக்குநீர், இரண்டு ஓடைகள் சேரும் முனை: ஒரு கிலோமீட்டர் நடந்தால் இப்படி எட்டுப் பத்து இடங்கள் அகப்படும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து வீச்சுப் போதும். பெர்ச் இருந்து பசியோடும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கமாக நடங்கள். மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்பதால் பின்னாலிருந்து வருபவரை எளிதில் காணாது. கரையோரம் குதிகாலை அழுத்தி நடந்தால் அந்த அதிர்வு நீருக்குள் போய்விடும்.

ஓடையின் குறை, அது சீக்கிரம் குளிர்ந்துவிடுவது. தண்ணீரின் அளவு குறைவு. தெளிந்த வானத்தோடு ஒரே ஓர் உறைபனி இரவு வந்தால் மறுநாள் காலை வெப்பநிலை சட்டென்று விழுந்திருக்கும். அப்படி இரண்டு மூன்று இரவு தொடர்ந்தால் ஆழமில்லாத பகுதிகளில் இருந்த பெர்ச் கீழே பெரிய ஆற்றுக்கோ ஆழமான மடுவுக்கோ இறங்கிவிடுவது வழக்கம். ஆறு அவ்வளவு விரைவாக மாறாது. அதில் மழைநீர் ஏறுவதும் மெதுவாக, வடிவதும் மெதுவாக. ஓடையோ ஒரு மழைக்கு ஒரே நாளில் செம்மண் நிறமாகி இரண்டு நாளில் தெளிந்துவிடும்.

எனவே பருவத்தின் முதல் பாதியை ஓடைக்கும் இரண்டாம் பாதியை ஆற்றுக்கும் ஒதுக்குவதே என் பரிந்துரை. மாறும் புள்ளி 8 பாகை. ஆற்றில் இடம் தேடுவது வேறு மாதிரி. அங்கே கண்ணுக்குத் தெரிவது குறைவு. கரையிலிருந்து ஓட்டத்துக்குள் நீட்டிக் கட்டிய கல்வரிசைகளுக்கு இடையிலான ஒதுக்கு, படகுத்துறை, மதகுச் சுவரின் ஓரம், பழைய கிளையாறு சேரும் வாய் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து இருபது முப்பது நிமிடம் விசிறி விரித்த மாதிரி வீசித் துழாவ வேண்டும். ஒரு மீன் கிடைத்தால் நகராதீர்கள். பெர்ச் பெரும்பாலும் ஒத்த அளவுள்ள மீன்களோடு கூட்டமாக நிற்கும். ஒரு பதினைந்து செ.மீ. மீன் வந்த இடத்தில் அடுத்த ஐந்தும் அதே அளவில்தான் வரும். பெரிது வேண்டுமென்றால் அந்தக் கூட்டத்தின் விளிம்பிலும் அடியிலும் பெரிய இரையோடு தேடுங்கள், அல்லது இடம் மாறுங்கள்.

எல்லா ஓடையும் பெர்ச் ஓடை கிடையாது. கூழாங்கல் அடியும் வேகமான குளிர்நீரும் கொண்ட ட்ரவுட் ஓடையில் பெர்ச் தேடுவது வீண். அதோடு பழுப்பு ட்ரவுட் முட்டையிடுவது இலையுதிர்காலத்தில்தான். பல நாடுகளில் அந்தப் பகுதிகளில் அப்போது தூண்டில் போடவே தடை இருக்கும். தடை இல்லாத இடத்திலும், மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று துலக்கியதுபோல் தெரியும் சரளைத் திட்டுகளில் காலை வைக்காதீர்கள். உள்ளே முட்டைகள் இருக்கும்.

நான்கு முறைகள்

நீரின் தெளிவை அளக்க எளிய வழி, ஒரு வெள்ளை லூரைத் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பது. ஒரு மீட்டருக்குக் கீழும் தெரிந்தால் தெளிவு. முப்பது நாற்பது செ.மீ. என்றால் கலங்கல். இருபதுக்குள் மறைந்தால் லூர்களை மூடி வைத்துவிடலாம்.

ஸ்பின்னர் மிதமான குளிரிலும் தெளிந்த அல்லது லேசாகக் கலங்கிய நீரிலும் விரைவாக இடம் தேடுவதற்கு ஏற்றது. 0 முதல் 2 வரையிலான அளவு, 2 முதல் 5 கிராம் எடை போதும். தகட்டின் வடிவத்தைக் கவனியுங்கள்: நீண்டு ஒடுங்கிய தகடு தண்டை ஒட்டிச் சுழலும், நீரின் தடை குறைவு, ஆகவே ஓட்டத்தில் மேலெழும்பாது. அகன்ற வட்டத் தகடு மெதுவான நீரில் மெதுவாகச் சுற்றினாலும் சுழலும். பலர் வேகமான இடத்தில் வட்டத் தகட்டை வீசிவிட்டு அது நீர்மட்டத்தில் குதித்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறுக்காக, ஓட்டத்துக்குச் சற்றே எதிராக வீசி, விழும் கணத்தில் நரம்பை விரலால் தடுத்து, ஒரு சின்னச் சுண்டில் தகட்டை ஓடவைத்து, ராடின் (தூண்டில் கோலின்) நுனியில் துடிப்பு உணரும் அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். நரம்பு முறுக்கிக்கொள்வது இதன் பிறவிக் குணம், லூருக்கு ஐம்பது செ.மீ. முன்னால் ஒரு நல்ல குண்டுப்பொதி ஸ்விவல் (சுழலும் இணைப்பு) கட்டினால் பெரும்பாலும் தீரும். தெளிந்த நீருக்கு வெள்ளி நிறம், இலைச்சாறு கலந்து தேநீர் நிறமான நீருக்குச் செம்பும் பொன்னும்.

ஸ்பின்னரின் எதிரி இலை. காற்றடிக்கும் நாளிலும், உறைபனிக்குப் பிந்தைய காலையிலும் மரங்கள் கொத்துக் கொத்தாக உதிர்க்கும்போது மும்முனை முள் ஒவ்வொரு வீச்சிலும் ஓர் இலையோடுதான் வரும், தகடும் நின்றுவிடும். மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் பூட்டினால் இலை பாதியாகக் குறையும், மீனைக் கழற்றுவதும் எளிது. சிறிய வாப்லர்களுக்கும் (மீன் வடிவிலான கெட்டி லூர்) இதே கதைதான்; மூன்று முதல் ஐந்து செ.மீ. வாப்லர் இலை குறைந்த நாளில் அருமையாக வேலை செய்யும், இலை மிதக்கும் நாளில் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு முறைதான் எடுத்துப் போகலாம் என்றால் என் தேர்வு ஜிக். ஈயத் தலை கொண்ட முள்ளில் 4 முதல் 7 செ.மீ. ரப்பர் மீன். எல்லா ஆழத்துக்கும், ஏறக்குறைய எல்லா வெப்பநிலைக்கும் இதை இசைத்துக்கொள்ளலாம். வெற்றி தோல்வி எடையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை தூக்கிவிட்ட பிறகும் ஜிக் அடியைத் தொட ஒன்றிலிருந்து இரண்டு விநாடி ஆக வேண்டும். ஒன்றரை மீட்டருக்குள் மெதுவான ஓடையில் இதற்கு 2 அல்லது 3 கிராம்; இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள ஆற்றொதுக்கில் 5 முதல் 7 கிராம். எடை கூடினால் கல்லாக விழுந்து இலைக்குப்பைக்குள் புதைகிறது. குறைந்தால் ஓட்டம் நரம்பை வில்லாக வளைத்து ஜிக்கை அடியிலிருந்து தூக்கிவிடுகிறது. கை உணர்வது ஓட்டத்தை, ஆனால் மீன் கொத்துவதாகத் தோன்றும்.

குறுக்கே, ஓட்டத்துக்கு எதிராக வீசி, நரம்பைத் தளரவிடாமல் அடிவரை இறங்க விடுங்கள். நரம்பு திடீரென்று தொய்ந்தால் அடியைத் தொட்டுவிட்டது என்று பொருள். ரீல் கைப்பிடியை இரண்டு சுற்று, பிறகு நிறுத்தம். கொத்து பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும்: ஒரு சின்னத் ‘தட்’, அல்லது எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே நரம்பு தொய்வது. 8 பாகைக்குக் கீழே சுற்றுகளை ஒன்றாகக் குறைத்து, நிறுத்தத்தை மூன்று நான்கு விநாடியாக நீட்டுங்கள். ரப்பர் மீனை முள்ளில் கோக்கும்போது முள்நுனி முதுகின் நடுக்கோட்டில் நேராக வெளிவர வேண்டும். கோணினால் அது நீரில் சுழலும், பெர்ச் பின்தொடர்ந்து வந்து திரும்பிவிடும். வாலை மட்டும் கடித்துத் துண்டித்தால் இரையைச் சிறிதாக்குங்கள். வாலில் கூடுதல் முள் தொங்கவிடுவது பலர் சொல்லும் தீர்வு. இலையும் குச்சியும் நிறைந்த ஓடையில் அது புதுத் தலைவலிதான்.

ட்ராப் ஷாட் இந்த ஒப்பீட்டில் ஒரு நுட்பமான இடத்தைப் பிடிக்கிறது. இலையுதிர்காலம் முற்றும்போது பெர்ச் நிற்கும் அதே ஒதுக்குகளில்தான் மூழ்கிய இலைகளும் மெத்தையாகப் படிகின்றன. ஜிக் அந்த மெத்தையில் விழுந்து இலையைக் குத்திக்கொண்டு வரும். ட்ராப் ஷாட்டில் ஈயம்தான் இலைமேல் கிடக்கும், இரை அதற்கு மேலே மிதந்து நிற்கும். இரையை ஓர் அடிகூட நகர்த்தாமல் ஒரே இடத்தில் நடுங்கவைக்க முடிவது இன்னொரு பலம். 5 பாகையில் துரத்த மனமில்லாத கூட்டத்தின் மூக்கருகே இரையை அரை நிமிடம் வைத்திருக்க லூர் முறைகளில் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

கட்டுவது இப்படி: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்துப் பாலோமர் முடிச்சுப் போடுங்கள் (இரட்டை நரம்பால் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, மிஞ்சும் வளையத்துக்குள் முள்ளைக் கடத்தி இறுக்குவது). கீழே தொங்கும் வால் 60 செ.மீ.க்குக் குறையாமல் மிஞ்சட்டும். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கிய பின் அந்த வாலை முள்நுனி இருக்கும் பக்கத்திலிருந்து காதுக்குள் மறுபடி கோத்துக் கீழே இழுங்கள். அப்போதுதான் முள் நரம்பிலிருந்து பக்கவாட்டில் விலகி, நுனி மேல்நோக்கி நிற்கும். இதைச் செய்யாவிட்டால் முள் நரம்பை ஒட்டித் தொங்கும், கொத்துகளில் பாதி வீணாகும். வாலின் நுனியில் ஓடைக்கு 5 கிராம், ஆற்றுக்கு 7 முதல் 10 கிராம் ஈயம். கவ்வும் வகை ஈயம் கல்லிடுக்கில் மாட்டினால் இழுத்ததும் அது மட்டும் கழன்றுபோகும், முள்ளும் இரையும் மிஞ்சும்.

காலடியில் செங்குத்தாகப் பிடித்தால் முப்பது செ.மீ. வால் போதும். இருபது மீட்டர் வீசிப் பிடித்தால் நரம்பு சாய்வாகக் கிடப்பதால் இரை அடிக்கு நெருங்கிவிடும். வாலை ஐம்பது அறுபது ஆக்குங்கள். ஆட்டும்போது ஈயம் நகரக் கூடாது, நரம்பின் தொய்வு மட்டுமே நடுங்க வேண்டும். அவசரப்படுபவர்கள் இரையைக் குதிக்கவைத்து ஈயத்தையும் இழுத்துவிடுகிறார்கள். அப்படிப் பிடிப்பதற்கு ஜிக்கே போதும். பெரிய பரப்பைத் தேடுவதற்கு இந்த முறை லாயக்கில்லை. மீன் இருக்கும் இடம் தெரிந்த பிறகே இதற்கு வேலை.

வேர்க்கட்டும் விழுந்த மரமும் மட்டுமே உள்ள ஓடையில் தோட்டா வடிவ ஈயமும் முள்நுனியை ரப்பருக்குள் மறைத்த வளைமுள்ளும் கொண்ட டெக்சாஸ் கட்டு உதவும். கொத்தைத் தவறவிடுவது சற்று அதிகமாகும், லூரை இழப்பது வெகுவாகக் குறையும்.

மண்புழுவைப் பழைய காலத்து முறை என்று ஒதுக்குபவர்கள் மழைக்குப் பிந்தைய ஓடையில் வந்து பார்க்க வேண்டும். கலங்கிய நீரில் பெர்ச்சால் தொலைவில் பார்க்க முடியாது; வாசனையும் நெளிவும் உள்ள புழு அங்கே எந்த லூரையும்விட நிச்சயமான தேர்வு. இரண்டு மூன்று கிராம் தாங்கும் ஒல்லியான தக்கை, 6 முதல் 10 வரை எண்ணுள்ள நீண்ட தண்டு முள், புழுவைத் தலைப்பக்கம் ஒருமுறை மட்டும் குத்தி மீதியைத் தொங்கவிடுங்கள். ஈயக் குண்டுகளில் பெரும்பகுதியை ஒரே இடத்திலும், ஒரு சின்னக் குண்டை முள்ளுக்கு இருபது செ.மீ. மேலேயும் நரம்பில் அழுத்திப் பூட்டுங்கள். இரை அடியிலிருந்து பத்துப் பதினைந்து செ.மீ. மேலே போகும்படி ஆழம் வையுங்கள். ஓட்டத்தில் தக்கையை அவ்வப்போது லேசாகத் தடுத்துப் பிடித்தால் புழு முன்னால் மிதந்து செல்லும், மீன் முதலில் காண்பது அதைத்தான். தக்கை கனமாக இருந்தால் பெர்ச் எதிர்ப்பை உணர்ந்து துப்பிவிடும். நறுக்கிய புழுவை மண்ணோடு பிசைந்து ஒரு கைப்பிடி அளவு போட்டால் கூட்டம் இடத்தில் நிற்கும், அதற்குமேல் வேண்டாம்.

இந்த முறையின் உண்மையான குறை, பெர்ச் புழுவை விழுங்கிவிடுவது. தக்கை அமிழ்ந்து நகரத் தொடங்கியதுமே இழுத்துவிடுங்கள். காத்திருந்தால் முள் இரைப்பைக்குப் போய்விடும். சிறு மீன்களைத் திருப்பி விட வேண்டிய நீரில் இதனாலேயே ட்ராப் ஷாட்டையும் ஜிக்கையும் மேலாகக் கருதுகிறேன். ஆழமாகப் போய்விட்ட முள்ளைத் தோண்டி எடுப்பதைவிட வாயருகே நரம்பை வெட்டிவிடுவது மீன் பிழைக்க நல்ல வழி. எதிர்முள் இல்லாத முள் என்றால் கழற்றுவது எளிது. உயிர் மீனை இரையாக மாட்டுவது ஜெர்மனி, நார்வே உள்ளிட்ட நாடுகளில் சட்டப்படி தடை. எங்கே பிடித்தாலும் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராடும் நரம்பும்

ஓடைக்கு 1.8 முதல் 2.1 மீட்டர் ராடு, 1 முதல் 7 கிராம் வீச்செடை (ராடு வீசக்கூடிய எடை). ஆற்றுக்கு 2.1 முதல் 2.4 மீட்டர், 3 முதல் 12 கிராம். இரண்டுக்கும் 1000 முதல் 2500 வரை அளவுள்ள ரீல். 0.06 முதல் 0.10 மி.மீ. பின்னல் நரம்பு, முன்னால் ஒரு மீட்டர் அளவுக்கு 0.18 முதல் 0.22 மி.மீ. ஃப்ளூரோகார்பன் நரம்பு. நுனி மென்மையாக இருப்பது அவசியம். பெர்ச்சின் வாயோரச் சவ்வு காகிதம்போல் மெல்லியது. பின்னல் நரம்பு ஏறக்குறைய நீளவே நீளாததால், விறைத்த ராடில் வேகமாகச் சுண்டினால் முள் சவ்வைக் கிழித்து வெளியே வந்துவிடும். மணிக்கட்டளவு இழுப்பே போதும், ரீலின் பிடியையும் தளர்த்தியே வையுங்கள். கரைக்கு வந்த மீனை நரம்பால் தூக்காமல் வலையில் ஏந்துங்கள்.

பைக் மீன் இருக்கும் நீரில் ஃப்ளூரோகார்பன் மட்டும் போதாது. அதன் பற்கள் மெல்லிய நரம்பை ஒரே கடியில் அறுக்கும், முள் வாயில் தங்கிய மீன் துன்பப்படும். இருபது முப்பது செ.மீ. மெல்லிய எஃகு அல்லது டைட்டானியம் கம்பி முன்னால் இருக்கட்டும். கொத்து கொஞ்சம் குறையலாம், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எந்த நாளுக்கு எது

12 பாகைக்கு மேல், நீர் தெளிவு, காற்று இல்லை: ஓடைக்கு ஸ்பின்னரோடு போங்கள், மீன் பின்தொடர்ந்து கடிக்காமல் திரும்பும் இடத்தில் ஜிக்குக்கு மாறுங்கள். 8 முதல் 12, இலை கொட்டுகிறது: ஓடையானாலும் ஆறானாலும் ஜிக். 8-க்குக் கீழே தெளிந்த நீர்: ஆற்று ஒதுக்கில் ஜிக்கால் தேடி, ட்ராப் ஷாட்டால் பிடியுங்கள். எந்த வெப்பநிலையிலும் மழைக்குப் பிந்தைய கலங்கல்: சுழியோரத்தில் புழு. ஓடை கரைபுரண்டு ஓடினால் ஆற்றுக்கும் போக வேண்டாம். ஈர இலை மூடிய கரை வழுக்கும், குளிர்நீரில் விழுந்தவருக்குக் கைகால் சீக்கிரம் விறைத்துவிடும்.

பிடித்த மீனைக் கையாளும்போது ஈரக் கையால் தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவி முதுகு முட்களைப் படியவைத்துப் பிடியுங்கள். செவுள் மூடியின் பின்விளிம்பிலும் கூரிய முள் உண்டு. அதைக் கவனிக்காமல்தான் பலர் விரலைக் கிழித்துக்கொள்கிறார்கள். சாப்பிட எடுப்பதானால் விதிப்படியான அளவுக்கு மேற்பட்ட நடுத்தர மீன்களை எடுத்து, நாற்பது செ.மீ.யை நெருங்கும் மீன்களை விட்டுவிடுங்கள். அந்த அளவை எட்டியவை பெரும்பாலும் பெண் மீன்கள், பல ஆண்டுகள் வளர்ந்தவை. செதில் தோலோடு இறுகப் பற்றியிருப்பதால் சுரண்டுவதைவிடத் தோலோடு சேர்த்து உரித்துச் சதையைத் தனியாக எடுப்பது விரைவு. பெர்ச்சின் சதையில் அகன்ற நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கக்கூடும் என்பதால் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது. உட்பகுதி 63 பாகையைத் தொடும்வரை வேகவேண்டும், அல்லது முன்னதாகவே மைனஸ் 20 பாகையில் 7 நாள் உறையவைத்திருக்க வேண்டும்.